சிங்கத்துக்கு விழுந்த மாலை

சாமியா? எந்தச் சாமி? நல்லாப் பாருங்க தம்பி, அது சிங்கம். இங்கிலீஷ்காரனுக்காக வச்ச சிங்கம். கழுத்துல மாலை கிடந்தா சாமியாயிருமா? கன்னத்துல வேற போட்டுக்கிட்டீங்க! படிச்ச பிள்ளையாத் தெரியுது. கையில டேப்பு, கழுத்துல கேமரா. ஆனா மாலையைப் பார்த்ததும் கை தானாப் போயிருச்சு. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, இந்த ஊரே அப்படித்தான். வெள்ளிக்கிழமையானா பொம்பளைங்க வந்து மாலையைப் போட்டுட்டு, கற்பூரத்தைக் கொளுத்திட்டுப் போறாளுங்க. என்ன சாமிடின்னு கேட்டா, 'சிங்கமுகத்தையா'ங்கிறாளுங்க. வேண்டிக்கிட்டா பொண்ணுக்கு வரன் அமையுதாம். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்தக் கற்பூரத்தட்டைப் பிடுங்கி வீசிரலாம்னு தோணும்.

அதுக்கு முதல் மாலையை யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும். சொல்றேன். உக்காருங்க. அங்க வேண்டாம், அந்தப் பக்கத்துப் படி ஆடும். கல்லு பெயர்ந்து கிடக்கு, கால் வச்சா ஆளையே உருட்டி விட்ரும். இப்படி இந்தப் பக்கம் வாங்க. தட்டைத் தள்ளி வைக்கிறேன். துணியைத் தூக்கிப் பார்க்காதீங்க, சீர்த் தட்டு.

தம்பின்னு கூப்பிடலாமில்ல? இந்த ஊர்ல மீசை முளைச்ச அம்புட்டுப் பேரும் எனக்குத் தம்பிதான். பால்காரன் தம்பி, கேஸ் கொண்டு வர்றவன் தம்பி, பேங்க்கில கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து என்னை நாலு தடவை அலைய விடுறான் பாருங்க, அந்தச் சண்டாளன்கூடத் தம்பிதான். ஒருத்தனைத் தவிர.

அளவெடுக்கவா வந்திருக்கீங்க? பழைய கட்டடத்தையெல்லாம் காப்பாத்துறதுக்கு ஒரு ஆபீசா? இருக்கிற மனுசங்களைக் காப்பாத்த ஒரு ஆபீசையும் காணோம், கல்லைக் காப்பாத்துறதுக்கு ஆள் போட்டுருக்காக. என்னைக் கேட்டீங்கன்னா இதை இடிச்சிருங்க. ஒரு புல்டோசரை விட்டு, தூணு, சிங்கம், அந்தப் பளிங்குக் கல்லு, எல்லாத்தையும் அள்ளிக் குளத்துல கொட்டிட்டுப் போங்க. சிரிக்கிறீங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. மாநகராட்சிக்கு ரெண்டு தடவை மனுக் கொடுத்திருக்கேன். மூணாவது தடவை போனப்ப அந்தப் பொண்ணு, 'பாட்டி, அது வரலாற்றுச் சின்னம்'ங்கிறா. என்ன பெரிய வரலாறு?

லண்டன்ல யாரோ ஒரு ராஜாவுக்குத் தலையில கிரீடம் வச்சாகளாம். அதுக்கு நம்ம ராஜா இங்க மண்டபம் கட்டினாராம். கல்லுல எழுதியிருக்கு பாருங்க, 'மகுடாபிஷேக ஞாபகார்த்தம்'னு. கிரீடம் வச்சவன் ஒருநாள் இந்த ஊருக்கு வருவான், வந்தா உக்கார இடம் வேணும்னு கட்டினது. அவன் இந்தத் திசையில தலைவச்சுக்கூடப் படுக்கலை. அன்னைக்குப் பிடிச்சு இது வராத ஆளுக்குக் காத்துக்கிடக்கிற இடம்தான். விளங்குமா?

போன தடவை உங்களை மாதிரி வந்தவுக ரோஸ் பெயிண்ட் அடிச்சாக. இந்தத் தடவை என்ன கலரு? ராத்திரியானா பச்சையும் நீலமுமா லைட்டு வேற, பார்க்கச் சகிக்கலை. காலையில ஒரு கூட்டம் வட்டமா நின்னு, கையைத் தூக்கிக்கிட்டு, ஹா ஹா ஹான்னு சிரிக்கிது. உடம்புக்கு நல்லதாம். வீட்டுல சிரிக்க வழியில்லாதவுக அம்புட்டுப் பேரும் இங்க வந்து சிரிக்கிறாக. தூண்ல பாருங்க, எவனோ ஒருத்தன் ஒருத்தி பேரை எழுதி இதயம் போட்டிருக்கான். அந்தப் பொண்ணை வேற எவனுக்காவது கட்டிக் குடுத்திருப்பாக.

என்ன கேட்டீங்க? பட்டுச்சேலையா? ஆமா, கல்யாணத்துக்குத்தான் வந்திருக்கேன். போகலை தம்பி, வந்திருக்கேன். இதுதான் மண்டபம். இங்கதான் வரச் சொன்னாக, வந்துட்டேன். ஏழு மணிக்கே வந்து உக்காந்துட்டேன். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். ஒருத்தரையும் காணோமேன்னு பார்க்கிறீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்.

போன் அடிக்கிது, அடிக்கட்டும். எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியாது, யாருன்னு பாருங்க. இந்திராணியா? என் மக. எடுக்காதீங்க. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அடிக்கிறா. அவளுக்குத் தாய்மாமன்னா உசுரு. எனக்குத் தெரியாம அவன்கூட இத்தனை வருஷமாப் பேசுறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு மாடிக்குப் போய்ப் பேசுவா. பேசட்டும், எனக்கென்ன.

அவ கல்யாணத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சது. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் அப்ப அரிசி மில் வச்சிருந்தாக. ஊர்ல நல்ல பேரு. மாப்பிள்ளை வீடு பெரிய இடம், தாசில்தார் குடும்பம். பெரிய இடத்துல சம்பந்தம் பண்றதுன்னா சும்மாவா? மூச்சு விடுறதுக்கே யோசிக்கணும்.

எனக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான். பூமிநாதன். எனக்கு ரெண்டு வயசு இளையவன். சர்க்கரை ஆலையில பிட்டர் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ்ல இருந்தான். தாய்மாமன் இல்லாம ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா? அவன் மாலை போட்டு, கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வந்தாத்தான் அவ கல்யாணப் பொண்ணு. இல்லைன்னா சேலை கட்டின பொம்மை.

இப்ப நீங்களே சொல்லுங்க, கூடப்பிறந்தவனுக்குப் பத்திரிகை கொடுப்பாகளா? பத்திரிகை ஊருக்கு. எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு வந்து மொய் எழுதிட்டுப் போறவுகளுக்கு. தாய்மாமனுக்கு வெத்தலை பாக்குத் தட்டுதான். நானே பஸ் ஏறிப் போனேன். வேட்டி சேலை, பழம், வெத்தலை பாக்கு எல்லாம் தட்டுல வச்சு, 'தம்பி, உன் மருமகளுக்குக் கல்யாணம். ராஜா மண்டபத்துல காலையில முகூர்த்தம். நீதான் முன்ன நின்னு நடத்தணும்'னு வாய் நிறையச் சொல்லிட்டு வந்தேன். அவன் பொண்டாட்டி தனக்கொடி, 'பத்திரிகை ஒண்ணு குடுங்க மதினி, பிள்ளைக்குக் காட்டணும்'னா. 'நீ என்ன அந்நியமா, உனக்கெதுக்குப் பத்திரிகை'ன்னேன். பாசத்துல சொன்னது. இதுல என்ன தப்பு?

ராஜா மண்டபம்னா எது? மணிக்கூண்டுக்குப் பக்கத்துல இருக்கிற ராஜா மஹால். அப்பத்தான் புதுசாத் திறந்திருந்தாக. ஏசி ரூமு, லிப்ட்டு, சாப்பாட்டு ஹால்ல ஐநூறு பேர் உக்காரலாம். போர்டுலதான் மஹால்னு போட்டிருக்கும், வாயில எவன் மஹால்னு சொல்றான்? ஊர்ல எல்லாரும் ராஜா மண்டபம்னுதான் சொல்லுவாக. எந்த ஆட்டோக்காரனைக் கேட்டாலும் கொண்டு போய் விட்ருவான்.

அந்தக் கூறுகெட்டவன் விடியக்காலை முதல் பஸ்ல வந்து, பொண்டாட்டியும் பிள்ளையும் சீர்த் தட்டுமா, இந்தா இங்க வந்து உக்காந்துட்டான்.

அங்க மேடையில ஐயர் அவசரப்படுத்துறாரு. 'பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வரவும்'னு மைக்குல கூப்பிடுறாக. மறுபடி கூப்பிடுறாக. 'பூமிநாதன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்.' திருவிழாவுல பிள்ளையைத் தொலைச்ச மாதிரி! ஹால்ல இருந்த அம்புட்டுத் தலையும் வாசலைப் பார்த்துத் திரும்புச்சு தம்பி. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. சம்பந்தியம்மா என்கிட்ட வந்து, 'உங்களுக்கும் உங்க தம்பிக்கும் ஏதாவது மனத்தாங்கலா?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாக. அந்தச் சிரிப்பை இன்னைக்கு வரைக்கும் நான் மறக்கலை. கடைசியில என் வீட்டுக்காரரோட மச்சான் முறையில ஒருத்தரு, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அவரைக் கூப்பிட்டு நிறுத்தி மாலையைப் போட வச்சோம். அவருக்கு என் மக பேரே தெரியாது. 'பாப்பா, இப்படி வா'ன்னு கூப்பிட்டாரு.

அவன் வெளியூர்ல இருந்தவன், தெரிஞ்சிருக்காதுங்கிறீங்களா? அவன் ஊரை விட்டுப் போறப்ப ராஜா மஹால் கிடையாதுதான், ராஜா மண்டபம்னா இந்த மண்டபம்தான். சரி. யாரையாவது கேட்கலாமில்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்? பூங்காவுல எவனாவது கல்யாணம் வைப்பானா, பந்தல் இல்ல, வாழைமரம் இல்ல, மேளம் இல்லன்னு யோசிக்க வேண்டாமா? நீங்களும் அவன் பக்கமே பேசுறீங்க. அவனைப் பார்க்காதவுககூட அவன் பக்கம்தான் பேசுறாக. அப்படி ஒரு மூஞ்சி அவனுக்கு.

அவன் ஏன் இங்க வந்தான்னு எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எங்கப்பா, அம்மா கல்யாணம் இங்க நடந்துச்சு. இந்த மண்டபத்துலதான், ஆமா. எங்கப்பாவுக்கு இந்தப் பூங்காவுல வேலை. ராஜா காலத்திலேயே சேர்ந்தவரு. அவருக்கு இருந்தது ஒரு ஓலைக் குடிசை, அதுல கல்யாணம் வைக்க முடியாது. அப்ப இருந்த மானேஜர் நல்ல மனுசன், 'எந்த ராஜாவும் வரப்போறதில்லை, நீ கட்டிக்கோப்பா'ன்னு சாவியைக் குடுத்துட்டாராம். இந்தச் சிங்கத்துக்கு முன்னாடி உக்காந்துதான் எங்கப்பா தாலி கட்டினாரு. சின்னப் பிள்ளையில நானும் அவனும் இந்தச் சிங்கத்து மேல ஏறி உக்காந்துக்குவோம். 'நமக்கும் இங்கதான்'னு நான் சொல்லுவேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவன் ஞாபகம் வச்சிருக்கான். ஏழு வயசுப் பிள்ளை சொன்னதை ஞாபகம் வச்சுக்கிட்டு ஒருத்தன் சீர்த் தட்டோட வந்து உக்காருவானா?

என்னை என்னன்னு நினைச்சான்? என் மக கல்யாணத்தைப் பூங்காவுல வைக்கிற அளவுக்கு நான் வக்கத்துப் போயிட்டேனா? சம்பந்தி வீட்டுல எங்கப்பா சமஸ்தானத்துல வேலை பார்த்தாருன்னு சொல்லியிருந்தேன். பொய்யா? பூங்கா சமஸ்தானத்தோடதுதானே! தண்ணி ஊத்தினாருன்னு விவரமாச் சொல்லணுமா? இவன் வந்து, கூட்டத்துல, 'எங்க அப்பா அம்மா கல்யாணமும் அங்கதான் நடந்துச்சு, அப்பா தோட்டக்காரருங்கிறதால விட்டாக'ன்னு ஆரம்பிச்சிருந்தான்னா? ஆரம்பிப்பான். அவனுக்கு ஒளிவு மறைவு தெரியாது. யார்கிட்ட எதைப் பேசணும்னு தெரியாத வெள்ளந்திப் பய.

அதனாலதான் பூக்காரன் வந்து சொன்னப்ப நான் ஒண்ணும் பேசலை.

எந்தப் பூக்காரனா? மண்டபத்துக்கு மாலை கொண்டு வந்தவன், எங்க ரெண்டு பேரையும் சின்னதுல இருந்து தெரிஞ்சவன். மைக்குல கூப்பிட்டதைக் கேட்டுட்டு என்கிட்ட வந்து, 'அம்மா, உங்க தம்பி பூங்காவுல தட்டோட உக்காந்திருக்காரு, நான் வர்ற வழியில பார்த்தேன், என்னன்னு தெரியலையே'ன்னான். பக்கத்துல சம்பந்தியம்மா நிக்கிறாக. 'தெரியும், வருவாரு'ன்னேன். வேற என்ன சொல்றது? கார் எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்காக நிக்கிது. முகூர்த்த நேரம் ஓடுது. நான் மேடையை விட்டு இறங்கி ரோட்டுல ஓட முடியுமா? நீங்களே சொல்லுங்க. நடந்தா பத்து நிமிஷம்தான், இல்லைங்கலை. ஆனா அன்னைக்கு அந்தப் பத்து நிமிஷத்துக்கு யாரை அனுப்புறது? ஆளுங்க இருந்தாங்கதான். மில்லு ஆளுங்களே முப்பது பேரு வந்திருந்தாக. ஆனா ஆளுக்கொரு வேலை. பந்தி பரிமாறணும், வர்றவுகளை வாங்கன்னு கேட்கணும். அவனுக்குக் காலு இல்லையா? அவன் வரலைங்கிறதுதானே விஷயம்? என்ன தம்பி என்னையே பார்க்கிறீங்க? நான் சொல்றது புரியுதா இல்லையா?

மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தானாம். பூங்கா வாட்ச்மேன் பிறகு சொன்னான். பிள்ளை பசியில அழுதுச்சாம், அப்பவும், 'அக்கா ஆள் அனுப்புவா, அனுப்பாம இருக்கமாட்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம். அப்புறம் எவனோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வெத்தலை மென்னுக்கிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கான். அவன் சொல்லித்தான் கல்யாணம் முடிஞ்சதே தெரிஞ்சிருக்கு. எந்திரிச்சவன், கொண்டு வந்த மாலையை, மாமன் மாலை, ரோசாவும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டினது, அதை இந்தச் சிங்கத்துக் கழுத்துல போட்டுட்டு பஸ் ஏறிப் போயிட்டான்.

இப்பத் தெரியுதா இது என்ன சாமின்னு? மறுநாள் காலையில நடக்க வந்த எவளோ ஒருத்தி பார்த்திருக்கா. இம்புட்டுப் பெரிய மாலை கிடக்கே, ஏதோ வேண்டுதல் போலன்னு அவளும் ஒரு முழம் பூவை வச்சிருக்கா. அடுத்தவ குங்குமம். அதுக்கடுத்தவ கற்பூரம். முடிஞ்சுது. என் மக கழுத்துல விழ வேண்டிய மாலை தம்பி அது. அதை வச்சுக்கிட்டு ஊர்ல இருக்கிற பொண்ணுக்கெல்லாம் இது வரன் பார்த்துக் குடுக்குதாம். இதை இடிக்கச் சொல்லாம கொஞ்சச் சொல்றீங்களா?

மறுநாளாவது வந்து, 'அக்கா, தெரியாம நடந்துபோச்சு'ன்னு சொன்னானா? வரலை. நானும் போகலை. நான் எதுக்குப் போகணும்? அவன்தானே இளையவன்! அவனைப் பத்தி எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் விரும்பலை. ஆலையை மூடிட்டாக, அப்புறம் சின்னதா லேத் பட்டறை போட்டான், அது ஓடலை, அப்புறம் ஒரு மோட்டார் கம்பெனியில சேர்ந்து ரிட்டையர் ஆனான். சர்க்கரை இருக்கு. போன ஆடியில வலது முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்கு, டாக்டர் படி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு, இவன் கேட்கிறதில்லையாம். அவ்வளவுதான். மத்தபடி ஒரு விவரமும் எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் தவறினப்ப வந்தான். பொறந்த வீட்டுக் கோடி போடணுமே, அதுக்கு வந்தான். கோடிச் சேலையை என் தோள்ல போட்டான். ஒரு வார்த்தை பேசலை. நானும் பேசலை. அவன் மூஞ்சியைக்கூட நான் பார்க்கலை தம்பி. மெலிஞ்சு போயிருந்தான், முன் பல்லு ஒண்ணு விழுந்திருந்துச்சு, காதுக்கு மேல எல்லாம் நரைச்சுப்போச்சு.

திரும்ப அடிக்கிது. விடுங்க. இவளுக்கு வேற வேலையில்ல.

போன மாசம் அவன் மகன் வந்தான். செல்வகணபதி. அன்னைக்கு இங்க பசியில அழுதுச்சே, அந்தப் பிள்ளை. மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு. வெத்தலை பாக்குத் தட்டை நீட்டி, 'அத்தை, எனக்குக் கல்யாணம். அப்பா உங்களுக்குப் பத்திரிகை கொடுக்க வேண்டாம்னுட்டாக. கூடப்பிறந்தவகளுக்கு எதுக்குப் பத்திரிகைன்னாக. ராஜா மண்டபத்துக்கு வந்துருங்க'ன்னான்.

பார்த்தீங்களா? நான் சொன்ன அதே வார்த்தை! இருபத்திரண்டு வருஷம் மடியில முடிஞ்சு வச்சிருந்து, மகன்கிட்டக் குடுத்து விட்டு, என் வார்த்தையையே என் மூஞ்சியில எறியிறான். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, பாவம், அது பாட்டுக்குச் சொல்லிட்டுக் காபி குடிச்சிட்டுப் போயிருச்சு. எனக்கா புரியாது? அதான் வந்து உக்காந்துட்டேன். ராஜா மண்டபம்னுதானே சொன்ன? இந்தா வந்துட்டேன். இப்ப என்ன பண்ணுவ?

அது மட்டும் இல்ல, கேளுங்க. அவனுக்கு ஒத்தப் பிள்ளை, பொண்ணு கிடையாது. தாலியில மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டா, மிச்சம் ரெண்டு முடிச்சை நாத்தனார் போடணும். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி இல்லைன்னா வேற யாராவது முறைக்காரி போடுவா. சுமங்கலியா ஒருத்தி. இவன் என்ன சொல்லி விட்டிருக்கான் தெரியுமா? 'அக்காதான் முடிச்சுப் போடணும், அக்கா போட்டாத்தான் அது முடிச்சு'ன்னு! நான் தாலி இழந்தவ தம்பி. நெத்தியைப் பாருங்க. பொண்ணு வீட்டுக்காரக முணுமுணுத்திருக்காக. 'அப்படின்னா கல்யாணமே வேண்டாம்'னு இவன் ஒத்தக்கால்ல நின்னானாம். எதுக்கு? எதுக்குங்கிறேன்? என்னை மேடையில ஏத்தி, நாலு பேரு முகம் சுளிக்கணும், 'இவளா?'ன்னு ஒருத்தி வாய்விட்டுக் கேட்கணும், நான் கூனிக்குறுகி நிக்கணும், அதை இவன் கண்ணால பார்க்கணும். பழி வாங்குறான். வேற என்ன காரணம் இருக்கு? நீங்க சொல்லுங்க, வேற என்ன காரணம் இருக்க முடியும்?

எதுக்கு வண்டிச் சாவியை எடுக்கிறீங்க?

வண்டியில கொண்டு போய் விடவாங்கிறீங்களா? வேண்டாம். என்னைக் கூப்பிட்டவன் நீங்க இல்ல. ஆட்டோவும் வேண்டாம். எனக்கு ஆட்டோ பிடிக்கத் தெரியாதா?

என்ன பண்றீங்க? ஐயையோ, எடுத்துட்டீங்களா! குடுங்க இங்க! இந்திராணி, நான் ஒண்ணும்... வச்சிட்டாளா? என்ன சொன்னீங்க அவகிட்ட? பூங்காவுலன்னு சொல்லிட்டீங்களா? உங்களை யாரு கேட்டா? அளவெடுக்க வந்தா அளவெடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? அந்தப் பூக்காரன் மாதிரியே வந்து வாய்ச்சிருக்கீங்க எனக்கு!

அவ என்ன சொன்னா? 'மாமாகிட்டச் சொல்றேன்'னா? அப்படியா சொன்னா?

போச்சு. இனிமே அவனுக்குத் தெரியும், நான் இங்க இருக்கேன்னு. இதுவரைக்கும் தெரியாம இருந்தான், அது ஒரு கணக்கு. இனிமே தெரிஞ்சும் வரலைன்னா? தெரிஞ்சும் ஒரு ஆளை அனுப்பாம, மேடையில நின்னுக்கிட்டு, 'தெரியும், வருவா'ன்னு சொல்லிட்டு, வேற எவளையாவது கூப்பிட்டு முடிச்சைப் போட வச்சிட்டான்னா, அவன் மனுசனா? கூடப்பிறந்தவளைப் பூங்காவுல உக்கார வச்சிட்டு ஒருத்தனுக்கு எப்படித் தம்பி கல்யாணச் சோறு இறங்கும்?

இல்ல. அது வேற, இது வேற. அன்னைக்கு நிலைமை வேற. நீங்க அப்படிப் பார்க்காதீங்க. அதுதான் முன்னாடியே சொன்னேனே, கார் எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கு நின்னுச்சுன்னு.

மணி என்ன? பத்தாகப் போகுதா? பத்தரையோட முகூர்த்தம் முடியுது. போன் ஏன் அடிக்க மாட்டேங்குது? சார்ஜ் இருக்கான்னு பாருங்க. சத்தத்தைக் கித்தத்தைக் குறைச்சிட்டீங்களா? இருக்குதா... அப்ப ஏன் அடிக்கலை? இவ்வளவு நேரம் விடாம அடிச்சாளே.

தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்ல. வெயிலு கண்ணைக் கூசுது, அவ்வளவுதான்.

கண்ணாடிய வேற விட்டுட்டு வந்துட்டேன். வாசல்ல ஏதோ வண்டி நிக்கிதா? ஐஸ்காரனா? சரி. எனக்கென்ன, யாரு வந்தா என்ன வராட்டி என்ன. பத்தரையானதும் இந்தத் தட்டை அப்படியே எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். போறப்ப சிங்கத்துக் கழுத்துல மாலை போட மாட்டேன், பயப்படாதீங்க.

அது யாரு, அந்த மரத்துக்குப் பின்னாடி? வெள்ளை வேட்டி. நடக்க வந்தவுகளா இருக்கும். இந்நேரத்துக்கு எவன் நடக்கிறான்? பட்டுத் துண்டு போட்டிருக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிறாரா? எந்தக் காலு? வலது காலா?

அவன்தான்.

பார்த்தீங்களா, கார் இல்லாம வர்றான். அங்க வாசல்ல எத்தனை கார் நிக்கும்! ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். மகன் மணவறையில உக்காந்திருக்கிறப்ப அப்பன் ரோட்டுல நடந்து வருவானா? செருப்பு போட்டிருக்கானா பாருங்க. இல்லையா? மேடையில நின்னவன் அப்படியே இறங்கி வந்திருக்கான். தாரு ரோடு இந்த வெயில்ல என்ன கொதி கொதிக்கும், சர்க்கரை உடம்பை வச்சுக்கிட்டு... கூறு இருக்கா இவனுக்கு? என்னைக்காவது கூறு இருந்திருக்கா?

நான் எந்திரிக்க மாட்டேன் தம்பி. நீங்க சாட்சி. அவன்தான் முதல்ல வந்தான். இங்க வந்து என் முன்னாடி நிக்கட்டும், வாயைத் திறந்து அக்கான்னு கூப்பிடட்டும், அதுவரைக்கும் நான் இந்தச் சிங்கம் மாதிரி அசையாம... எங்க போறான்? ஏன் அந்தப் பக்கமாச் சுத்தி வர்றான்? அந்தப் பக்கமாவா ஏறப் போறான்?

தம்பி! ஏ தம்பி! நில்லுடா, காலை வைக்காத, அந்தப் படி ஆடும்! நீ ஏறாத, நான் வர்றேன்!

உங்களை இல்ல. நீங்க உக்காருங்க. அந்தத் தட்டை மட்டும் எடுத்துக் குடுங்க.